நலமான நாளில் எழுதிய ஏற்பாடு: இருமுனைக் கோளாறும் கே ரெட்ஃபீல்ட் ஜாமிசனின் தன்வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

மனநோயுடன் வாழ்ந்தோர் எழுதிய தன்வரலாறுகள் பெரும்பாலும் இரண்டு வகையில் வாசிக்கப்படுகின்றன. ஒன்று, மனவுறுதியால் நோயை வென்ற கதை. மற்றொன்று, நோய் வழங்கிய படைப்பாற்றலின் கதை. அமெரிக்க மருத்துவ உளவியலாளர் கே ரெட்ஃபீல்ட் ஜாமிசன் 1995இல் வெளியிட்ட 'அன் அன்கொயட் மைண்ட்' என்னும் தன்வரலாறும் இவ்விரு வாசிப்புகளுக்கும் இடமளிப்பது. நூலின் மையம் இவ்விரண்டிலும் இல்லை என இக்கட்டுரை வாதிடுகிறது. நோயுற்ற நாளில் தமக்காக முடிவெடுக்கும் உரிமையை, நலமான நாளில் தாமே மனமுவந்து பிறரிடம் ஒப்படைக்கும் செயலே இந்நூல் காட்டும் 'நலமாக வாழ்தல்' என்பதன் அடிப்படை. இக்கருத்தை நூலின் மொழி, லித்தியம் மருந்து பற்றிய பகுதிகள், பின்னுரை ஆகியவற்றின் வழி இக்கட்டுரை நிறுவுகிறது. ஒப்படைப்பைப் பெற்றுக்கொள்வோரின் நிலையை அறிய ஜெர்ரி பிண்டோவின் 'எம் அண்ட் த பிக் ஹூம்' நாவல் ஒப்பிடப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இருமுனைக் கோளாறு, தன்வரலாறு, நோய் எடுத்துரைப்பு, லித்தியம், பராமரிப்பு, முன்கூட்டிய அறிவுறுத்தல், ஒப்பாய்வு.

முன்னுரை

நோய் நீங்குதலைத் தமிழில் 'குணமாதல்' என்கிறோம். ஒருவர் இருக்கும் நிலையை 'நலமாயிருத்தல்' என்கிறோம். காய்ச்சல், எலும்பு முறிவு போன்றவற்றில் இரண்டும் சேர்ந்தே நிகழ்வதால் இச்சொற்களுக்கிடையே உள்ள வேறுபாடு புலப்படுவதில்லை. வாழ்நாள் முழுதும் உடன்வரும் நோய்களில் இவை பிரிந்து நிற்கின்றன. இருமுனைக் கோளாறு அத்தகைய நோய்களுள் ஒன்று. மேனியா எனப்படும் மிகையெழுச்சி நிலையும் ஆழ்ந்த மனச்சோர்வும் இந்நோயில் மாறிமாறி வருகின்றன. சில வேளைகளில் கலந்தும் வருகின்றன. இடையிடையே நலமான காலங்களும் உண்டு. மருந்து நோயின் மீள்வரவைக் குறைக்கிறது. நோயை வேரோடு அகற்றுவதில்லை. எனவே இந்நோயுடையாரிடம் 'குணமாகிவிட்டதா?' எனக் கேட்பதைவிட, 'நலமாக இருப்பதற்கு என்னென்ன வேண்டியிருக்கிறது?' எனக் கேட்பதே பொருந்தும்.

இவ்வினாவுக்கு மருத்துவ நூல்கள் ஒருவகை விடை தருகின்றன: தவறாத மருந்து, ஒழுங்கான உறக்கம், உளவியல் சிகிச்சை, நோய் மீள்வதன் முன்னறிகுறிகளை அறிதல். இவை உண்மையானவை, தேவையானவை. ஆனால் இவற்றையெல்லாம் அறிந்த ஒருவர் ஏன் மருந்தை நிறுத்துகிறார், எதை இழந்ததாக உணர்கிறார், யாரை நம்பி மீள்கிறார் என்பவற்றை அறிவுரைப் பட்டியல் சொல்வதில்லை. அவ்விடைவெளியை நிரப்பும் எழுத்துகளுள் ஜாமிசனின் நூல் முதன்மையானது. 1946இல் பிறந்த ஜாமிசன், 1974இல் லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவத் துறையில் உதவிப் பேராசிரியராகப் பணியேற்றார். அடுத்த மூன்று மாதங்களுக்குள் கடுமையான மிகையெழுச்சிக்கு ஆளானார். பின்னர் ஃபிரடெரிக் குட்வினுடன் இணைந்து இந்நோய் பற்றிய விரிவான மருத்துவ நூலை 1990இல் வெளியிட்டார். நோயைப் பாடநூலாக எழுதியவர் அதே நோயைத் தன் வாழ்வாகவும் எழுதியிருப்பது இந்நூலின் தனித்தன்மை.

நோயும் சொல்லும்

நோயின் பெயரை ஏற்பதா மறுப்பதா என்பதே ஜாமிசன் எழுப்பும் சிக்கல்களுள் ஒன்று. ஜெர்மானிய மனநல மருத்துவர் எமில் கிரேப்பெலின் 1899இல் வெளிவந்த தம் பாடநூலின் ஆறாம் பதிப்பில் மிகையெழுச்சியையும் மனச்சோர்வையும் ஒரே நோயின் வெளிப்பாடுகளாகத் தொகுத்தார். 1957இல் கார்ல் லியோன்ஹார்ட் இரு முனைகளும் உடைய நோயை ஒரு முனை மட்டும் உடையதிலிருந்து பிரித்தார். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டின் மூன்றாம் பதிப்பு 'இருமுனைக் கோளாறு' என்னும் பெயரை நிலைப்படுத்தியது. பழைய பெயரில் இருந்த இழிவுக்குறிப்பு புதிய பெயரில் இல்லை என்பது அதனை ஏற்றோரின் வாதம்.

ஜாமிசன் இப்பெயரை ஏற்கத் தயங்குகிறார். நோயின் கடுமையை இப்பெயர் மழுங்கடிக்கிறது என்பது அவர் கூறும் முதற்காரணம். இரண்டாவது காரணம் கூர்மையானது: 'முனை' என்னும் உருவகம் இரு நிலைகளும் தொலைவில் எதிரெதிரே நிற்பதாகக் காட்டுகிறது. அவருடைய அனுபவத்தில் அவை ஒன்றுக்குள் ஒன்று கசிகின்றன. சோர்வின் இருளும் எழுச்சியின் வேகமும் ஒரே நேரத்தில் கூடும் கலப்பு நிலையே அவர் வாழ்வின் மிக ஆபத்தான நிலையாக இருந்தது.

இவ்விவாதம் தமிழாய்வாளர்க்கும் உரியது. 'இருமுனை', 'இருதுருவம்' என நாம் ஆளும் சொற்கள் ஆங்கிலச் சொல்லின் உருவகத்தை அப்படியே சுமந்து வந்தவை. ஆகவே ஜாமிசன் சுட்டும் குறையையும் அவை சுமக்கின்றன. 'பித்து' என்னும் பழஞ்சொல்லைக் கொள்ளலாமா எனில், அச்சொல்லின் பரப்பு மிகப் பெரிது. சுந்தரர் இறைவனைப் பித்தன் என அழைத்த மரபும், காதலைப் பித்தென்னும் வழக்கும், உடற்கூற்றில் பித்தம் என்னும் மருத்துவக் கருத்தும் அதில் அடங்கும். அச்சொல் நோயாளரை மேன்மைப்படுத்தவும் செய்யும். தெருவில் எள்ளவும் செய்யும். எனவே இக்கட்டுரை 'இருமுனைக் கோளாறு' என்பதையே, அதன் உருவகம் முழுமையற்றது என்னும் குறிப்புடன் கையாளுகிறது. நோயை எப்பெயரால் அழைப்பது என்பதில் நோயுடையார்க்கும் சொல்லுரிமை உண்டு என்பதை ஜாமிசனின் தயக்கம் உணர்த்துகிறது.

ஒரே எடுத்துரைப்பில் இரு குரல்கள்

இந்நூலின் எடுத்துரைப்பில் மருத்துவ அறிஞரின் குரலும் நோயாளரின் குரலும் உள்ளன. மிகையெழுச்சியில் தாம் செய்த செலவுகளை விவரிக்கும் பகுதி இதற்குச் சான்று. பாம்புக்கடிக்கான முதலுதவிப் பெட்டிகளைத் தேவையின்றி அவர் வாங்கிக் குவிக்கிறார். பெங்குவின் பறவைகள் கூடி வாழட்டும் என்று பெங்குவின் பதிப்பக நூல்களை வாங்குகிறார். இப்பகுதி நகைச்சுவையுடன் எழுதப்பட்டுள்ளது. கட்டற்ற செலவு மிகையெழுச்சியின் நோயறி குறிகளுள் ஒன்று என்பதைப் பேராசிரியர் அறிவார். அந்த அறிவு செலவைத் தடுக்கவில்லை. பின்னர் பொருளியலாளரான அவருடைய அண்ணன் வந்து சிதறிக்கிடந்த இரசீதுகளையும் கடன்களையும் ஒழுங்குபடுத்துகிறார்.

நகைச்சுவை முடியும் இடத்தில் அண்ணன் வருவது நோக்கத்தக்கது. நோயைப் பற்றி அறிந்திருப்பதும் நோயிலிருந்து காப்பாற்றப்படுவதும் வேறுவேறு என்பதை இவ்வமைப்பு காட்டுகிறது. 'விழிப்புணர்வு இருந்தால் போதும்' என்னும் பொதுக்கருத்தை இந்நூல் ஏற்கவில்லை. தம் துறை அறிவின் உச்சத்தில் இருந்த ஒருவரையே அந்த அறிவு காக்கவில்லை எனில், நலவாழ்வின் ஆதாரத்தை அறிவுக்கு வெளியேயும் தேடவேண்டியுள்ளது.

லித்தியம்: மறுப்பின் காரணங்கள்

மிகையெழுச்சிக்கு லித்தியம் பயன்படுவதை ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் வெளியிட்டார். அமெரிக்காவில் அது 1970இல்தான் ஒப்புதல் பெற்றது. ஜாமிசன் அம்மருந்தைத் தொடங்கியபோது அந்நாட்டில் அதன் ஒப்புதலுக்குச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பயன்தரும் அளவுக்கும் நச்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைந்த மருந்து அது. குருதியில் அதன் அளவை அவ்வப்போது சோதித்தல் வேண்டும். அக்காலத்தில் பின்பற்றப்பட்ட அளவும் பிற்காலத்தைவிட மிகுதி. குமட்டல், நடுக்கம், உடல் ஒருங்கிணைவு குலைதல் ஆகியவற்றோடு, கவனம் குவித்துப் படிக்கும் ஆற்றலையும் அவர் பல்லாண்டுகள் இழந்தார். வாசிப்பையே தொழிலாகவும் இன்பமாகவும் கொண்டவர்க்கு இது சிறிய இழப்பன்று. அக்காலத்தில் அவரால் ஓரளவு படிக்க முடிந்தவற்றுள் குழந்தைகளுக்கான கதைகள் இருந்தன என்பதை அவரே பதிவு செய்கிறார். பின்னர் மருந்தின் அளவு குறைக்கப்பட்டபோது படிக்கும் ஆற்றல் மீண்டது.

மருந்தை அவர் திரும்பத் திரும்ப நிறுத்தியதற்குப் பக்கவிளைவு மட்டும் காரணமாகவில்லை. மிகையெழுச்சியின் தொடக்கத்தில் கிடைத்த விரைவு, ஒளி, தன்னம்பிக்கை ஆகியவற்றை அவர் இழக்க விரும்பவில்லை. கற்பனையில் சனிக்கோளின் வளையங்களூடே பறந்த நிலையை நினைத்து அவர் ஏங்குகிறார். நூலின் ஓர் இயலுக்கே அந்த இழப்பு தலைப்பாகிறது. மருந்தின்றி நோயைத் தாங்க வேண்டும் என்னும் அவருடைய அக்காளின் கருத்தும், தம் துன்பத்தைத் தாமே கடக்க வேண்டும் என வளர்ந்த குடும்பப் பண்பும் இதனுடன் சேர்கின்றன.

மருந்து மறுப்பை மருத்துவ உலகம் பெரும்பாலும் ஒழுங்கின்மையாகவோ அறியாமையாகவோ காண்கிறது. ஜாமிசன் அதனைத் துக்கமாக எழுதுகிறார். இதுவே இந்நூலின் மிகச் சிறந்த பங்களிப்பு எனலாம். மருந்து உட்கொள்ளும் ஒவ்வொரு நாளும், தாம் தாமாக நினைத்திருந்த ஒருவரை இழந்ததற்கான துக்கமும் உடனிருக்கிறது. துக்கத்துக்குக் காலம் வேண்டும். அதனைக் கேட்க ஒருவர் வேண்டும். உளவியல் சிகிச்சையின் பங்கை அவர் இவ்விடத்தில் வைக்கிறார். மருந்து அவரை உயிரோடு வைத்தது. மருந்தை ஏன் உட்கொள்ள வேண்டும் என்பதை ஏற்கும் மனத்தை உரையாடல் தந்தது. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது என்பதில் அவர் உறுதியாக உள்ளார்.

நலமான நாளில் எழுதிய ஏற்பாடு

மருந்தை நிறுத்தியதன் பின்விளைவாகப் பல மாதங்கள் நீடித்த மனச்சோர்வும், அதன் முடிவில் தற்கொலை முயற்சியும் நூலின் இரண்டாம் பகுதியில் இடம்பெறுகின்றன. அச்சோர்வுக் காலத்தில் மருத்துவமனையில் சேருமாறு அவருடைய மருத்துவர் பலமுறை வற்புறுத்தினார், அவர் மறுத்தார். அடைக்கப்படுவோம் என்னும் அச்சமும் பணி பறிபோகும் என்னும் அச்சமும் அம்மறுப்பில் இருந்தன. உயிர் தப்பிய பின் அவர் செய்த ஒரு செயலை நூல் மிகச் சுருக்கமாகவே குறிப்பிடுகிறது. மீண்டும் கடுமையான சோர்வு வந்தால், தாம் அப்போது மறுத்தாலும்கூட, மின்னதிர்வுச் சிகிச்சைக்கும் மருத்துவமனைச் சேர்க்கைக்கும் ஒப்புதல் தரும் அதிகாரத்தைக் குடும்பத்தாருக்கும் மருத்துவருக்கும் முன்கூட்டியே அவர் அளித்து வைக்கிறார்.

சில வரிகளில் முடிந்துவிடும் இவ்வேற்பாட்டையே நூலின் அச்சாக இக்கட்டுரை கொள்கிறது. அதற்கான காரணம் நோயின் இயல்பிலேயே உள்ளது. மிகையெழுச்சியில் இருப்பவர் தாம் என்றுமில்லாத நலத்துடன் இருப்பதாக உணர்வதால் சிகிச்சையைத் தேவையற்றதாகக் கருதுகிறார். சோர்வில் இருப்பவர் தமக்கு மீட்சியே இல்லை என உணர்வதால் சிகிச்சையைப் பயனற்றதாகக் கருதுகிறார். காரணங்கள் எதிரெதிரானவை, விளைவு ஒன்றே. எனவே இந்நோயில் முடிவெடுப்பதற்குரிய காலம் இடைப்பட்ட நலக்காலமே. அக்காலத்தில் எடுக்கும் முடிவு வரவிருக்கும் தம் மறுப்பையும் கணக்கில் கொண்டதாக இருத்தல் வேண்டும்.

மருத்துவ அறவியலில் இத்தகைய ஏற்பாட்டை 'யுலிசஸ் ஒப்பந்தம்' என்பர். ஹோமரின் காப்பியத்தில், கடற்கன்னியரின் பாடலைக் கேட்க விரும்பும் யுலிசஸ் தன்னைப் பாய்மரத்தில் கட்டச் சொல்கிறான். அவிழ்க்கச் சொல்லித் தானே கெஞ்சினாலும் இன்னும் இறுக்கிக் கட்டுமாறு முன்னரே ஆணையிடுகிறான். அவனைக் கட்டிய கயிறு அவனுடைய ஆணையால் வந்தது. ஜாமிசனின் ஏற்பாட்டையும் இவ்வாறே வாசிக்கலாம். அது தன்னுரிமையைக் கைவிட்ட செயலாக மேலோட்டமாகத் தோன்றினும், தன்னுரிமையை நோய்க்காலத்துக்கும் நீட்டித்த செயலாகவே அமைகிறது.

இவ்வேறுபாடு இந்தியச் சூழலில் உயிர்ப்பொருள் கொண்டது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் நிகழ்ந்த தீவிபத்தில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்ப இயலாமல் 28 பேர் இறந்தனர். அங்கும் பிறரே முடிவெடுத்தனர்; கட்டும் இருந்தது. கட்டப்பட்டவரின் விருப்பம் அங்குக் கேட்கப்படவில்லை. ஒப்படைத்தலுக்கும் பறித்தலுக்கும் உள்ள தொலைவை இவ்விரு கட்டுகளும் அளந்து காட்டுகின்றன.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அத்தொலைவைச் சட்டமொழியில் வரையறுக்க முயல்கிறது. அதன் 5ஆம் பிரிவின்படி, வயது வந்த எவரும் தமக்கு மனநோய் ஏற்படின் எவ்வாறு சிகிச்சை அளிக்கவேண்டும், எவ்வாறு அளிக்கக்கூடாது என்பதை எழுத்தில் முன்கூட்டியே அறிவுறுத்தலாம். தம் சார்பில் பேசும் பிரதிநிதியையும் நியமிக்கலாம். முடிவெடுக்கும் திறனை அவர் இழந்த காலத்தில் மட்டுமே அவ்வறிவுறுத்தல் நடைமுறைக்கு வரும். அவசரச் சிகிச்சைக்கு அது பொருந்தாது. ஜாமிசன் தனிப்பட்ட உறவுகளின் வலிமையால் செய்துகொண்ட ஏற்பாட்டுக்கு இணையான ஒன்று இங்கு உரிமையாக எழுதப்பட்டுள்ளது. ஆயினும் படிவம் உறவை உண்டாக்காது. எழுதியதை மதித்து நிறைவேற்றும் ஒருவர் இருந்தால்தான் அவ்வுரிமை பொருள்பெறும். அந்த ஒருவரின் நிலை என்ன என்பதே அடுத்த வினா.

பராமரிப்பவரின் பக்கம்

ஜாமிசனின் நூலில் பராமரிப்பவர் எத்துணை இடம் பெறுகிறார்? அவருடைய சோர்வுக் காலத்தில் தாய் சமைத்தார், துணி துவைத்தார், கட்டணங்களைச் செலுத்தினார், மகளின் எரிச்சலைப் பொறுத்தார். நன்றி ததும்பும் சில வரிகளில் இது சொல்லப்படுகிறது. ஆனால் நூலின் மூன்றாம் பகுதி முழுதும் காதலுக்கு உரியது. அதன் தலைப்பே அன்பை மருந்தென்கிறது. ஆங்கிலேய மருத்துவர் டேவிட் லாரியின் அன்பும் அவருடைய திடீர் மறைவும், பின்னர் அறிவியலாளர் ரிச்சர்ட் வயட்டுடனான மணவாழ்வும் விரிவாகப் பேசப்படுகின்றன. அன்பு மருந்துக்கு மாற்றாகாது என நூல் தெளிவுபடுத்தினும், எடுத்துரைப்பின் ஒளி காதல் மீதே விழுகிறது. அன்றாட வீட்டுழைப்பு நிழலிலேயே நிற்கிறது. நோயாளர் எழுதும் தன்வரலாற்றின் வடிவ எல்லையாகவும் இதனைக் கருதலாம். துன்பத்தின் உள்ளிருப்பவர்க்கு அடுப்படியில் நிற்பவரின் களைப்பு முழுமையாகத் தெரிவதில்லை.

அவ்விடத்தைக் காட்டும் படைப்பாக ஜெர்ரி பிண்டோவின் 'எம் அண்ட் த பிக் ஹூம்' நாவல் அமைகிறது. 2012இல் வெளியான இந்நாவல் 2016இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. மும்பை மாகிம் பகுதியின் சிறிய அடுக்ககம் ஒன்றில் வாழும் கோவா கத்தோலிக்கக் குடும்பம் இதன் களம். தாய் இமெல்டாவைப் பிள்ளைகள் 'எம்' என்கின்றனர். தந்தை அகஸ்டினை 'பிக் ஹூம்' என்கின்றனர். மகள் சூசன். கதைசொல்லியான மகனுக்குப் பெயரில்லை. இருமுனைக் கோளாறும் தற்கொலை முயற்சிகளும் ஜே.ஜே. மருத்துவமனையின் மனநலப் பிரிவும் இக்குடும்பத்தின் அன்றாடமாகவே உள்ளன.

ஜாமிசன் தம்மைத் தாமே விளக்குகிறார்; எம் தன் மகனால் விளக்கப்படுகிறாள். ஆனால் பிண்டோ அவளை விளக்கத்துக்குள் அடைத்துவிடவில்லை. அவளுடைய கடிதங்களும் நாட்குறிப்புகளும் கட்டற்ற பேச்சும் நாவல் முழுதும் பரவி, மகனின் விளக்கத்தை அவ்வப்போது குலைக்கின்றன. பீடி புகைத்துக்கொண்டு எதையும் கூசாமல் பேசும் எம், வீட்டிலேயே மிகுந்த நகைச்சுவை உடையவள். பிக் ஹூம் குறைவாகப் பேசுபவர். வேலைக்குச் செல்லல், வீடு பேணல், மனைவிக்குத் துணைநிற்றல் என நாள்தோறும் ஒரே ஒழுங்கைக் காப்பதன் வழியே அவர் குடும்பத்தை நிறுத்துகிறார். அவருடைய ஒழுங்கு நாவலில் எங்கும் வீரமாகப் போற்றப்படவில்லை. அது நாளும் நிகழ்கிறது, அவ்வளவே. ஜாமிசனின் நூலில் சில வரிகளில் முடிந்த தாயின் உழைப்பு, இங்கு ஒரு நாவலின் நீளத்துக்கு விரிகிறது எனலாம்.

மரபுவழி அச்சத்தை இரு நூல்களும் கையாளும் முறையும் ஒப்பிடத்தக்கது. இந்நோய் இருப்பதால் பிள்ளை பெறக்கூடாது என மருத்துவர் ஒருவர் கூறியபோது எழுந்த சினத்தையும் அவமதிப்பையும் ஜாமிசன் பதிவு செய்கிறார். பின்னர் மரபணு ஆய்வின் பயன்களையும் அதன் அறச்சிக்கல்களையும் அறிவியலாளராக விவாதிக்கிறார். பிண்டோவின் கதைசொல்லி பிறந்துவிட்ட பிள்ளை. தன் மனமும் ஒருநாள் தாயின் மனமாகிவிடுமோ எனத் தன்னையே கண்காணிப்பவன். கருத்தளவில் ஜாமிசனின் பக்கம் நிற்கும் வாசகரும் இம்மகனின் அச்சத்தைத் தள்ளிவிட இயலாது. இரு குரல்களையும் சேர்த்தே கேட்கும்போதுதான் சிக்கலின் முழு உருவம் புலப்படுகிறது.

நாவல் குணமாதலைக் காட்டவில்லை. எம் இறுதிவரை நோயுடனேயே வாழ்ந்து இறக்கிறாள். ஆயினும் அவ்வீட்டில் சிரிப்பும் உரையாடலும் அன்பும் இருந்தன. அவற்றின் விலையை நால்வரும் செலுத்தினர். ஒருவர் நலமாக வாழ்வதற்காக மற்றவர் எதனை இழக்கிறார் என்னும் கணக்கை நாவல் மறைக்கவில்லை. ஒப்படைப்பு என்பது பெறுபவரின் வாழ்வையும் மாற்றும் செயல் என்பதை ஜாமிசனைவிடப் பிண்டோ தெளிவாகக் காட்டுகிறார்.

பின்னுரையின் நிபந்தனை

ஜாமிசனின் பின்னுரை அதிகம் பேசப்படும் பகுதி. தேர்ந்தெடுக்கும் வாய்ப்புக் கிடைத்தால் இந்நோயைத் தேர்ந்தெடுப்பேனா எனத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளும் அவர், லித்தியம் கிடைக்காவிடில் மாட்டேன் என்றும், கிடைக்குமாயின் தேர்ந்தெடுப்பேன் என்றும் விடையளிக்கிறார். நோயால் ஆழமாக உணர்ந்ததையும் மிகுதியாக நேசித்ததையும் காரணங்களாகக் காட்டுகிறார். படைப்பாற்றலுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராயும் 'டச்ட் வித் ஃபயர்' என்னும் நூலை அவர் 1993இல் எழுதியவர் என்பதால், இவ்விடை நோயைப் போற்றுவதாக எளிதில் வாசிக்கப்படுகிறது.

அவ்வாசிப்பு நிபந்தனையை விட்டுவிடுகிறது. மருந்தில்லையேல் இந்நோய் வேண்டாம் என்பதே விடையின் முதற்பாதி. அந்த முதற்பாதியும் போதுமானதன்று என்பது இக்கட்டுரையின் கருத்து. பின்னுரை லித்தியத்தை மட்டுமே நிபந்தனையாக்குகிறது. நூலின் முந்தைய பக்கங்களோ கடனைத் தீர்த்த அண்ணனையும், சமைத்த தாயையும், விடாமல் கேட்ட மருத்துவரையும், பணியைப் பறிக்காத துறைத் தலைவரையும் காட்டியுள்ளன. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பணியாற்ற வந்தபோது தம் நோயை மேலதிகாரியிடம் வெளிப்படுத்திய காட்சியில், அவர் அஞ்சிய மறுப்புக்கு மாறாக நகைச்சுவை கலந்த ஏற்பே கிடைக்கிறது. இவையும் நிபந்தனைகளே. அந்த வகையில் நூல் அதன் பின்னுரையைவிட அதிகம் அறிந்திருக்கிறது.

இந்நிபந்தனைகள் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. நோயை வெளிப்படுத்தினால் வேலை போகும் நிலையிலுள்ள ஒரு தொழிலாளர்க்கோ, திருமணத்தின்போது மறைக்கப்பட்ட நோய் பின்னர் வெளிப்பட்டு வீட்டைவிட்டு அனுப்பப்படும் பெண்ணுக்கோ, லித்தியம் மட்டும் கிடைத்தால் போதாது. ஜாமிசனின் வாழ்வை மனவுறுதியின் வெற்றியாகப் போற்றும் வாசிப்பு, இத்தகையோரிடம் 'உனக்கு மட்டும் ஏன் முடியவில்லை?' எனக் கேட்பதில் போய் முடியக்கூடும். அவருடைய நூலை உறவுகளும் நிறுவனங்களும் தாங்கிய வாழ்வாக வாசிக்கும்போது, வினா நோயாளரை விட்டுச் சமூகத்தின் பக்கம் திரும்புகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. நோயின் பெயர் குறித்த ஜாமிசனின் தயக்கம், தமிழில் நாம் ஆளும் கலைச்சொற்களின் உருவக எல்லையையும் எண்ணிப்பார்க்கச் செய்கிறது. மருந்து மறுப்பை இழப்பின் துக்கமாக எழுதியதன் வழி, நோயாளரை அறியாமையின் பெயரால் பழிக்கும் போக்குக்கு அவர் விடையளிக்கிறார். நலக்காலத்தில் அவர் செய்துவைத்த ஏற்பாடு, தன்னுரிமையும் சார்ந்திருத்தலும் ஒன்றையொன்று அழிப்பன அல்ல எனக் காட்டுகிறது. அவ்வேற்பாட்டைச் சுமப்போரின் வாழ்வை அவருடைய நூல் குறைவாகவே பேசுகிறது. அக்குறையைப் பிண்டோவின் நாவல் வேறொரு மண்ணிலிருந்து ஈடுசெய்கிறது.

தமிழில் மனநோய் பற்றிய படைப்புகளை ஆராய்வோர், பாத்திரத்தின் மனத்தை நோயறி குறிகளால் விளக்குவதோடு அமையாமல், அப்பாத்திரத்துக்காக முடிவெடுப்பவர் யார், அவ்வதிகாரம் அவர்க்கு எவ்வாறு வந்தது, கொடுக்கப்பட்டதா எடுக்கப்பட்டதா என்னும் வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். குணமாகாத ஒருவர் நலமாக இருக்கிறாரா என்பது அவ்வினாக்களுக்குக் கிடைக்கும் விடையைப் பெரிதும் பொறுத்தது.